விண்கல்லும் பூமியும்: கணக்கு ஏன் ஒத்துவரவில்லை?

கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "விஞ்ஞானக் கண்காட்சிக்குப் 'பூமி விண்கற்களால் ஆனது' என்று ஒரு அட்டவணை செய்கிறோம். விண்கல்லில் இரும்பு, மக்னீசியம் இரண்டுக்கும் உள்ள திணிவு விகிதம் ஏறத்தாழ 1.9. பூமியில் 2.1. 'ஒரே பொருளில் இருந்து வந்ததென்றால் இந்த வித்தியாசம் ஏன் டீச்சர்?' என்கிறாள் ஒரு மாணவி. இதை எப்படி விளக்குவது? செய்து காட்ட வழி உண்டா?"

அட்டவணையைத் திருத்தவேண்டாம். அந்த வித்தியாசத்தையே பெரிய எழுத்தில் நடுவில் வையுங்கள். கண்காட்சியில் இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

நீங்கள் எடுத்த 1.9, 1864இல் பிரான்சில் விழுந்த ஒர்கெய் போன்ற விண்கற்களின் அளவு. வாயுக்களை விட்டுப் பார்த்தால் அவற்றின் சேர்க்கை சூரியனுடையதை ஒத்தது. ஆகவே கோள்களின் மூலப்பொருள் அதுதான் என்று எடுத்துக்கொள்கிறோம். இனி, இரும்பும் மக்னீசியமும் சூரியனைச் சுற்றியிருந்த வாயுவில் இருந்து கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் திண்மமாகின. அதனால் வெப்பம் மட்டும் இவ்விரண்டையும் எளிதில் பிரித்திருக்காது. பிரித்தது வேறொன்று. சில நூறு கிலோமீற்றர் அளவுள்ள ஆரம்பப் பொருள்கள் உள்ளேயிருந்த கதிர்த்தொழிற்பாட்டு அலுமினியத்தின் வெப்பத்தால் உருகின. இரும்பு அடியில் இறங்கி உள்ளகமானது. மக்னீசியம் பாறையோடு மேலே நின்றது. அப்புறம்தான் மோதல்கள். மோதலில் சிதறிப் போவது வெளியே இருப்பது, அதாவது பாறை. உள்ளகங்கள் பெரும்பாலும் தப்பி ஒன்றோடொன்று சேர்ந்தன. விகிதம் 1.9இல் இருந்து 2.1க்கு ஏறியதற்கு இதுதான் பொருத்தமான விளக்கம் என்பது என் கருத்து.

சரி, சிதறியது திரும்பி விழாதா? பெரிய கோளில் பெரும்பகுதி விழும். பூமியை விட்டுத் தப்ப செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகம் வேண்டும், சந்திரனை விட்டுத் தப்ப 2.4 போதும். இன்னும் சிறிய பொருள்களில் அதைவிடக் குறைவு. ஆகவே பூமி சிறு துண்டுகளாக இருந்த காலத்திலேயே நிறைய இழந்திருக்கும்.

இதைச் செய்து காட்டலாம். உழவு இயந்திரம் திருத்தும் கராஜில் 100 கிராம் அளவான பழைய இரும்பு நட் ஒன்று வாங்குங்கள். அதைச் சுற்றி 200 கிராம் குளத்துக் களிமண்ணை உருட்டிப் பொத்துங்கள், மேலே மெல்லியதாகச் செம்மண் பூசுங்கள். இரும்பின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று, பூமியில் இருப்பதும் அவ்வளவுதான். நிழலில் அரைகுறையாகக் காயவிட்டு, சீமெந்துத் தரையில் போட்டு, மிஞ்சியதை ஆய்வுகூடத் தராசில் நிறுங்கள். 50 கிராம் மண் உதிர்ந்தால் இரும்பு 40 வீதமாகிவிடும். 43 கிராம் மண் மட்டும் மிஞ்சினால் 70 வீதம். அது புதன் கோளின் அளவு. புதனின் மேற்பாறையைப் பெருமோதல் ஒன்று உரித்துவிட்டது என்ற கருத்தை அந்த இடத்தில் சொல்லலாம். எவ்வளவு காய்ந்தால் நன்றாக உதிரும் என்பதை முன்கூட்டியே இரண்டு மூன்று உருண்டைகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணை வீட்டு வளவிலோ, உழுது பயிர் செய்யும் காணியிலோ மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கோ காட்டோரத்துக்கோ பிள்ளைகள் போகவே கூடாது. நம்முடைய வன்னியில் இதை ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் வேண்டும்.

மேலே பூசிய செம்மண்ணையும் கவனிக்கச் சொல்லுங்கள். அது கோளின் மேலோடு, அதாவது வெளிப்புறப் பாறைப் படை. பொற்றாசியம், யுரேனியம், தோரியம் போன்ற மூலகங்கள் மேலோட்டில்தான் அதிகம் சேரும். மேலோடு உரிந்தால் அவையும் போகும். பொற்றாசியத்துக்கு இன்னொரு வழியும் உண்டு: மோதல் வெப்பத்தில் பாறை ஆவியாகித் தப்புவது. 2017இல் பிறிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மக்னீசியச் சமதானிகளை (ஒரே மூலகத்தின் வெவ்வேறு திணிவுள்ள அணுக்களை) அளந்து, வளரும் கோள்கள் திணிவில் 40 வீதம் வரை இப்படி இழந்திருக்கலாம் என்று கணித்தார்கள். தேயா என்ற ஆரம்பகாலக் கோள் பூமியில் மோதிச் சந்திரன் உருவானதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள், அதை நீட்டவேண்டாம்.

பல்கலைக்கழகத்தில் இருந்து யாராவது வந்தால் மேலோட்டு இழப்பைப் பற்றிக் கிளறக்கூடும். பூமியின் நியோடைமியம் சமதானி அளவு விண்கற்களோடு பொருந்தவில்லை என்று 2005இல் கண்டார்கள். மேலோட்டு இழப்புக்கு அது நல்ல சான்றாகப் பேசப்பட்டது. 2016இல் வந்த ஆய்வுகளோ, அந்த வேறுபாடு மூலப்பொருளிலேயே இருந்தது என்று காட்டின. ஆகவே செம்மண் பகுதிக்குப் பக்கத்தில் 'இன்னும் விவாதத்தில் உள்ளது' என்று எழுதி வையுங்கள். இரும்பு பற்றிய விளக்கம் அந்தச் சான்றை நம்பி நிற்கவில்லை.