மைவி காருக்கு 30 மில்லிமீட்டர் இறக்கம் போதும்

நண்பரே, 80,000 கிலோமீட்டர் ஓடிய பெரோடுவா மைவி காரில், அதன் உயரத்தை 50 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் போடலாமா, பழைய ஷாக் அப்சார்பரே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பின்னிருக்கையில் அம்மாவும் பிள்ளைகளும் தினமும் வருகிறார்கள் என்றால் 50 வேண்டவே வேண்டாம். 30க்குள் நிறுத்துங்கள். அதற்குமேல் இறக்கினால் ஷாக் அப்சார்பர் அசையப் போதிய இடமிருக்காது. பினாங்கின் பாயா தெருபோங் குடியிருப்புகளின் வேகத்தடை ஒவ்வொன்றிலும் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். தேய்ந்த ஷாக் அப்சார்பர் கெட்டியான புது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்காது. ஸ்பிரிங்கோடு நான்கு ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். பணம் போதாவிட்டால் காத்திருங்கள்.

இருக்கும் ஸ்பிரிங்கையே வெட்டித் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். சக்கரம் கீழே தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இடம்விட்டு நழுவக்கூடும். புதியதைப் பொருத்தியபின் சக்கரச் சீரமைப்பும் (வீல் அலைன்மென்ட்) அவசியம், இல்லையென்றால் டயரின் உள்விளிம்பு விரைவில் தேய்ந்துபோகும்.