வெயிலில் காய்ந்த பாலைக் கொட்டை முளைக்குமா?

கேள்வி: வணக்கம் சேர். நான் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். போன ஆனியில் பாலைப்பழம் (காட்டு மரமான பாலையின் பழம்) தின்ற கொட்டைகளைக் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்துப் போத்தலில் போட்டு வைத்தேன். மாரி தொடங்கியதும் ஐப்பசியில் அறுபது கொட்டை ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. வளவில் இரண்டு பாலை நிற்க வேண்டும் என்று ஆசை. ஆண் மரம், பெண் மரம் பார்த்து வைக்க வேண்டுமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பாலையில் ஆண், பெண் என்று தனி மரம் இல்லை; ஒரே பூவில் இரண்டும் இருக்கும். அந்தக் கவலையை விடுங்கள்.

கெட்டது வெயிலிலும் போத்தலிலும்தான். பயற்றையும் சோளத்தையும் காயவைத்து மாரிக்கு வைத்திருந்து பழகிய கை நமக்கு. பாலை அந்தச் சாதி இல்லை. அது இலுப்பையின் இனம், கொட்டைக்குள் எண்ணெய்ப் பருப்பு. மேலோடு பளபளவென்று கல் மாதிரி இருப்பதால் எத்தனை மாதமும் தாங்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வைத்திருக்க வைத்திருக்க உள்ளே முளைக்கும் சக்தி வேகமாகக் குறைந்துவிடும். ஆனியில் எடுத்ததை ஆனியிலேயே ஊன்ற வேண்டும். மழை இல்லையே என்றால், வாளித் தண்ணீர்தான் மழை.

நன்றாகப் பழுத்துத் தானாக விழுந்த பழமாக எடுங்கள். காட்டுக்குள் பொறுக்கப் போவதென்றால் தனியே போக வேண்டாம். பாலைப்பழக் காலத்தில் கரடியும் அந்த மரத்தடிக்குத்தான் வரும். வீதியோரம் விற்கிற பழமும் போதும். சதையும் பாலும் ஒட்டாமல் மணலோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரில் போட்டால் மிதப்பதை வீசிவிடலாம். தாழ்ந்ததை எடுத்து, ஓட்டின் ஒரு பக்கத்தை மட்டும் கரடான கல்லில் மெல்ல உரசுங்கள். பருப்பில் படக்கூடாது. வெளிறிய தழும்பு இருக்கிற பக்கத்தைத் தொடவும் வேண்டாம். பிறகு ஒரு நாள் ஊறவைத்து ஊன்றிவிடுங்கள்.

பைக்கு மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, உக்கிய மாட்டெரு ஒரு பங்கு போதும். ஆணிவேர் கீழே ஓடும் மரம், அதனால் பை அகலத்தைவிட ஆழமாக இருக்கட்டும். அரை அங்குல ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். மேலே கிடுகு நிழல் போடுங்கள். தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் பை காய்ந்துவிடும். சில கொட்டை ஒரு மாதத்தில் முளைக்கும், சிலது இன்னும் பிந்தும். வெறும் பை என்று கொட்டிவிடாதீர்கள். நானும் ஒருமுறை பொறுமையில்லாமல் பையைக் கொட்டிப் பார்த்தேன், உள்ளே முளை வெள்ளையாகக் கிடந்தது.

கன்று வளர்வது மகா மெதுவு. முதல் வருடத்தில் ஒரு சாண் வந்தாலே நல்லது. உரத்தை அள்ளிப் போட்டு அதை விரட்ட முடியாது. அந்த வருட மாரியில் நிலத்தில் வைக்க அவசரப்படாமல், அடுத்த ஐப்பசியில் முதல் மழை நனைத்ததும் நடுங்கள். இரண்டடிக் குழி, மரத்துக்கு மரம் முப்பதடி. வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி. தண்ணீர் தேங்கும் வயற்கரைப் பள்ளம் ஆகாது. ஆடு ஏறாமல் முள்வேலி போட்டு, முதல் இரண்டு கச்சான் காலத்துக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் அது தன்பாட்டில் நிற்கும்.

பழத்துக்குப் பத்து வருடமாவது பொறுக்க வேண்டும். சீக்கிரம் ஏதாவது தின்ன வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு: இந்தியாவில் சப்போட்டாவைப் பாலைக் கன்றில்தான் ஒட்டுகிறார்கள். உங்கள் கன்றுகளில் மிஞ்சியது பென்சில் தடிப்புக்கு வந்ததும் ஒட்டிப் பாருங்கள். அந்த இரண்டு பாலையை மட்டும் பாலையாகவே விட்டுவிடுங்கள்.