முதல் ஹாட் ராட் டிரக்: முதலில் பிரேக், அப்புறம் எஞ்சின்

17 வயதில், அமெரிக்காவில், தாத்தாவின் பண்ணையில் கிடக்கும் 1951 செவ்ரோலெட் 3100 பிக்கப்பை ஹாட் ராடாக்க (அதாவது பழைய வண்டியை வேகத்துக்காக மாற்றியமைக்க) எங்கே தொடங்குவது, வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் எப்போது வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அருமையான வண்டி தம்பி, ஆனால் எஞ்சினுக்கு இப்போதே காசைக் கொட்டாதீர்கள்.

முதலில் வண்டியின் டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், தாத்தா பெயரில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் துரு. கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகள், கேபின் சட்டத்தோடு சேரும் இடங்கள், கால் வைக்கும் தரை, இங்கேயெல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பொறபொறவென்று உதிரும்.

அடுத்து பிரேக். அந்தக் காலத்து வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை) சர்க்யூட்தான், ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் போடாமல் வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

350 கன அங்குல வி8 ஆசை நியாயமானதே. ஆனால் கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பழைய கார்டன் ஷாஃப்ட் மூடிய குழாய்க்குள் ஓடுவதால், எஞ்சினை மாற்றினால் பெரும்பாலும் கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பின் ஆக்சில் வரை மாற்ற வேண்டிவரும், 6 வோல்ட் வயரிங்கும் 12 ஆக வேண்டும். அதனால் இருக்கிற ஆறு சிலிண்டர் எஞ்சினையே ஓடவைத்து, கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள்.

வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், தாங்கி ஸ்டாண்ட் கட்டாயம்.