ரிமோட்டில் இல்லாத பட்டன்கள்

கேள்வி: பழைய ஆடியோ ரிசீவரின் (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) ரிமோட் கெட்டுவிட்டது. கையேட்டிலும் நெட்டிலும் இல்லாத ரிமோட் கோடுகளை (ஒவ்வொரு பட்டனும் அனுப்பும் எண்) நாமே கண்டுபிடிக்க முடியுமா, இல்லை புதுசு வாங்கிவிடலாமா?

முடியும். தயவுசெய்து புதுசு வாங்கிவிடாதீர்கள்.

நீங்களும் ஒரு ரிப்பேர் கடைக்குப் போய் "இதுக்கெல்லாம் ரிமோட் வராது" என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள். நானும் கேட்டேன். காரைக்குடியில் ஒரு கடையில் பெட்டியின் மூடியைக்கூடத் திறக்காமல், "அண்ணே, எடைக்குப் போட்டுட்டு ஒரு ப்ளூடூத் பார் வாங்கிடுங்க" என்றார்கள். அது 1998-ல் எங்கள் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மலேசியாவிலிருந்து வரும்போது போர்வையில் சுற்றிக் கொண்டுவந்த ரிசீவர். பள்ளத்தூர் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. காலை ஐந்தரைக்கு யாரும் தொடாமல் நாதஸ்வரம் கேட்க வேண்டும். அப்பச்சிக்கு இப்போது எழுந்து நடப்பது சிரமம். ரிமோட்டில் பேட்டரி கசிந்து தகடெல்லாம் பச்சை பூத்து, சத்தம் கூட்டும் பட்டன் மட்டும்தான் பிழைத்திருந்தது.

அந்த ஒரு பட்டன் போதும். நாம் எழுதும் நிரலை ஓட்டும் ஆர்டுயினோ என்ற சின்ன போர்டு, ரிமோட்டின் வெளிச்சத்தைப் படிக்க டிசாப் 1738 என்ற மூன்று கால் சென்சார், திருப்பி அனுப்ப ஒரு 940 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்) எல்இடி. எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய் ஆகவில்லை. பட்டனை அழுத்தியதும் முதலில் 9 மில்லிசெகண்ட் நீளத்துக்கு ஒரு வெளிச்சம், 4.5 மில்லிசெகண்ட் இடைவெளி, அப்புறம் 32 பிட் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1) வந்தது. இதற்கு என்இசி முறை என்று பெயர், வெளிச்சம் 38 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 38 ஆயிரம் தடவை துடிக்கும். முதல் 8 பிட் முகவரி (எந்தப் பெட்டிக்கு என்று சொல்வது), அடுத்த 8 அதன் தலைகீழ் (0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0), பிறகு 8 பிட் கட்டளை (என்ன செய்ய வேண்டும் என்பது), கடைசி 8 அதன் தலைகீழ். எனக்கு வந்த முகவரி 122, அடுத்தது 133. எண்ணும் அதன் தலைகீழும் சேர்ந்தால் 255 வர வேண்டும், வந்தது, ஆகவே சரியாகப் படித்திருக்கிறது. (சில கம்பெனிகள் முகவரிக்கு மட்டும் இந்தத் தலைகீழை விட்டுவிடும்.) உங்களுடையது சோனி என்றால் முறையே வேறு, 40 கிலோஹெர்ட்ஸ். பிலிப்ஸின் ஆர்சி5 முறைக்கு 36 கிலோஹெர்ட்ஸ். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். என்இசியில் ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் கடைசி பிட்தான் முதலில் வரும். பழைய லைப்ரரி (கோடைப் படிக்க ஏற்கெனவே எழுதிவைத்த நிரல்) அதைத் திருப்பாமல் படித்து 122-ஐ 94 என்று காட்டியது, ஒரு முழு நாள் அதிலேயே போனது. இன்னொன்று, எங்கள் வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்). மதியம் முற்றத்தில் வெயில் இறங்கும்போது சென்சார் கண்டபடி உளறும், அதே பட்டனுக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண். வெயிலிலும் இன்ஃப்ராரெட் இருக்கிறதே! பொழுது சாய்ந்த பிறகு உட்கார்ந்தேன், ஒரு எண்கூடப் பிசகவில்லை. எல்இடியை ரிசீவருக்கு நேராகக் குறிபார்க்கவும் தேவைப்படவில்லை. எதிர்ச் சுவரில் முட்டை வெள்ளை சேர்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சு, இன்னும் பளபளவென்று இருக்கிறது, அதில் பட்டுத் திரும்பியதே போதுமாக இருந்தது.

இனிதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். கட்டளைக்கு 8 பிட் என்றால் 256 எண்கள். ரிமோட்டில் இருப்பதோ நாற்பது ஐம்பது பட்டன். மீதி எண்களில் பலவற்றுக்கு ரிசீவர் பதில் சொல்லும், கையேட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான். 0 முதல் 255 வரை மூன்று விநாடிக்கு ஒன்றாக அனுப்பினேன், ஒரு சுற்றுக்குப் பதிமூன்று நிமிடம். கையில் நோட்டு, கண் டிஸ்ப்ளேயில். 26-க்குச் சத்தம் கூடியது, 27-க்குக் குறைந்தது, 28-க்கு அமுங்கியது. ஆனால் பவருக்குக் கிடைத்தது ஒரே எண். ஓடினால் நிறுத்தும், நின்றால் ஓட்டும். ராத்திரி யாராவது அணைக்க மறந்திருந்தால் காலையில் அது ரிசீவரை அணைத்துவிடும். அதனால் பக்கத்து முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் முகவரி 126-ல் கிடைத்தது. அந்த முகவரியில் கட்டளை 126 அனுப்பினால் ஆன் மட்டும், 127 அனுப்பினால் ஆஃப் மட்டும். ரிமோட்டில் இந்த இரண்டுக்கும் பட்டனே கிடையாது. பக்கத்தில் சாய்வு நாற்காலியில் இருந்த அப்பச்சி, "இதுக்குள்ள இம்புட்டு இருக்காப்பா?" என்று கேட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. தேடும்போது ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிடுங்கள். எந்த எண் சத்தத்தை எங்கே கொண்டுபோகும் என்று தெரியாது. செட்டிங் எல்லாவற்றையும் அழிக்கும் எண்ணும் இருக்கலாம், இப்போதுள்ள செட்டிங்கை முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொபைல் ஆப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் வருவார்கள். ஆப்பில் இருப்பது பெரும்பாலும் ரிமோட்டில் உள்ள பட்டன்கள்தான். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவனில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் நானே போட்டுப் பார்த்து எழுதினேன்.

எடைக்குப் போடு என்ற சொல்லே எனக்கு ஆகாது. எங்கள் தெருவில் ஒரு வீடு அப்படித்தான் போனது. பங்காளிகளில் ஒருவர்கூட ஓடு மாற்றப் பணம் தரவில்லை, இடிக்க மட்டும் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பர்மா தேக்குத் தூண்களை லாரியில் ஏற்றியதை நான் நின்று பார்த்தேன். இன்றைக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போனால் யார் யார் வீட்டுச் சாமானோ கடைகடையாக நிற்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பெயர்த்துவிட்டுப் பளபள டைல்ஸ் போடுகிறவர்களிடம் பேசிப் பேசி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போர்டோடு டிஎஸ் 3231 என்ற கடிகார மாட்யூலைச் சேர்த்தேன். அதற்குத் தனி பேட்டரி உண்டு, கரண்ட் போனாலும் நேரம் தவறாது. போன மாதம் ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்குக் கரண்ட் போய் ஐந்தே காலுக்கு வந்தது, ரிசீவர் ஸ்டாண்ட்பையில் நின்றது. ஐந்தரைக்கு 126 போனது, நாதஸ்வரம் வளவு முழுக்கக் கேட்டது. அப்பச்சி எழுந்து உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் ரிமோட்டில் ஒரு பட்டன்கூட வேலை செய்யவில்லை என்றால், அதே கம்பெனி ரிமோட் ஒன்றைத் தெரிந்தவர்களிடம் ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். முகவரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். எண்களை நோட்டில் மட்டும் வைக்காதீர்கள். நான் ஒரு தாளில் எழுதி ரிசீவரின் அடிப்பக்கம் ஒட்டி, மேலே அகல டேப் போட்டிருக்கிறேன்.