பேத்தியுடன் ஒரே பெஞ்சில்

அன்புள்ள ஐயா,

எனக்கு இருபத்தாறு வயது. அலுவலகத்தில் நீண்ட விடுப்புக் கிடைத்திருக்கிறது. அதில் நான்கு வாரம் வெளிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் தன்னார்வலராக ஆங்கிலம் கற்பிக்க விண்ணப்பித்திருக்கிறேன். ஒரே வகுப்பில் எட்டு வயதுக் குழந்தைகளும் அறுபது வயதுப் பெரியவர்களும் இருப்பார்களாம். எல்லோருக்கும் பொருந்தும் பாடநூல் எது? சான்றிதழ்ப் படிப்பு தேவையா? அமைப்பினர் கட்டணம் கேட்பது முறையா? அந்த மக்களுக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வர ஆசைப்படுகிறேன்.

ச.

அன்புள்ள ச.,

சில நாட்களாக ஒரு தச்சரை நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன்.

முதலில் சில்லறைக் கேள்விகள். சான்றிதழ்ப் படிப்பா, படியுங்கள். கேம்பிரிட்ஜின் செல்டா (CELTA) என்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழ்ப் படிப்பே 120 மணி நேரம்தான். அதில் நிஜ மாணவர்கள் முன் நின்று நீங்கள் பாடம் நடத்துவது 6 மணி நேரம். நம் ஆங்கிலத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் பெருமை பாதி கரைய அது போதும். கட்டணத்தில் தங்குமிடத்துக்கு எவ்வளவு, உள்ளூர் ஆசிரியருக்கு எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள், மழுப்பினால் விலகிவிடுங்கள். சுற்றுலா விசாவில் சம்பளமில்லா வேலைகூடச் செய்யக் கூடாத நாடுகள் உண்டு. அதைத் தூதரகத்திடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

இனி திட்டு. நான்கு வாரத்தில் என்ன செய்வதாக உத்தேசம்? மாணவர்களின் பெயர்களைச் சரியாக உச்சரிக்கவே இரண்டு வாரம் ஆகும். 1961இல் தொடங்கிய அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கார்ப்ஸில் ஒரு தன்னார்வலரின் பணிக்காலம் இரண்டு ஆண்டு; அதற்கு முந்தைய பயிற்சிக் காலத்தில் உள்ளூர் மொழியும் படித்தாக வேண்டும். ‘கொடுத்துவிட்டு வர’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். 1968இல், மெக்சிகோவில் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் சிந்தனையாளர் இவான் இலிச் முகத்துக்கு நேரே பேசினார்: பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று. எனக்கு அவ்வளவு கடுமை வராது. நானும் போனவன்தான்.

பதினோரு வாரம், பதினேழு பேர். முதல் பெஞ்சில் பத்து வயதுப் பேத்தியும் அவளுடைய தாத்தாவும். தாத்தா தச்சர். காதில் தட்டையான பென்சில் ஒன்று எப்போதும் செருகியிருக்கும். சாய்ந்த பலகையில் உருண்டு ஓடாமலிருக்கத்தான் அந்தத் தட்டை வடிவம். நோட்டிலும் அதே பென்சில்தான். அவர் அழுத்தி எழுதுவதில் அடுத்த நான்கு தாளிலும் பள்ளம் விழுந்திருக்கும்.

அப்போது நான் ஆண்ட்ரூ பெல்லைப் பற்றிப் படித்த மிதப்பில் இருந்தேன். அவர் 1789இல் மதராஸில் ராணுவ அனாதைச் சிறுவர்களுக்கான விடுதியின் பொறுப்பேற்றவர். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, விடுதி ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது எட்டு வயதுப் பையன் ஒருவனையே மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் இங்கிலாந்தில் அதை எழுதி வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் அது பரவியது. கற்பிக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்டு திரும்பிய மனிதர். நான் அந்தப் பாதியை விட்டுவிட்டு, சின்னவர் சொல்லிக்கொடுக்கலாம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம், பேத்தியைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன். ‘ஹி இஸ் டென்’ என்றார் தாத்தா. நான் பேத்தி பக்கம் திரும்பி, ‘சரியா?’ என்று கேட்டேன். அவள் திருத்தினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் நோட்டை மூடிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். வகுப்பு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்; பாதியில் எழுந்து போவது எனக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து பேத்தி மட்டும் வந்தாள்.

ச., பாடநூல் எப்படியும் கிடைத்துவிடும். பல வயதினர் கூடும் வகுப்பைக் கவிழ்ப்பது பெரியவர்களின் வெட்கம். குழந்தைக்குப் பிழை ஒரு விளையாட்டு. வெளியே நாலு பேர் யோசனை கேட்டு வரும் மனிதருக்கு அது அப்படியல்ல. அவர் மந்தம் என்றும் எண்ணிவிடாதீர்கள். தொடக்க மாதங்களில் இலக்கணத்தைப் பெரியவர்கள்தான் வேகமாகப் பிடிக்கிறார்கள். பிள்ளைகள் பின்னால் உச்சரிப்பில் முந்துவார்கள். ஆனால் வகுப்பில் காதில் விழுவது உச்சரிப்புத்தானே! அதனால் பெரியவர் தான் தோற்றுக்கொண்டே இருப்பதாக நம்பிவிடுகிறார். நாமும் நம்பிவிடுகிறோம். ஒருவர் பிழை செய்தால் அப்போதே பிடிக்காதீர்கள். குறித்துக்கொண்டு, கடைசியில் யாருடையது என்று சொல்லாமல் கரும்பலகையில் எழுதி எல்லோரையும் திருத்தச் சொல்லுங்கள். நான் அவரைப் பலகையும் ரம்பமுமாக வரச் சொல்லியிருக்க வேண்டும். அளப்பது, அறுப்பது, இழைப்பது என்று அவர் செய்துகாட்ட, பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார்கள். ஒரு மரத்துண்டை நேராக அறுக்கத் தெரிந்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். இது எனக்குத் தோன்றியது ஊர் திரும்பி எத்தனையோ நாள் கழித்து.

நீங்கள் பாடநூல்தான் கேட்டிருந்தீர்கள். அங்கே எது இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் மூன்று மாதம் அந்த ஊர் மொழியைப் படியுங்கள். பத்து வயதுக்காரர் யாராவது சொல்லித்தந்தால் நல்லது, அவருடைய நண்பர்களும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். விடுப்பு அதற்குள் தீர்ந்துவிடும் என்றால் அடுத்த வருடம் போங்கள்.