ஸ்டெனோடைப் என்றால் என்ன, வீட்டில் இருந்தே கற்க முடியுமா?

கோலாலம்பூரில் வகுப்பு தேடுவதற்கு முன் அடிப்படையைப் பார்த்துவிடுங்கள். ஸ்டெனோடைப் என்பது பேச்சைப் பேச்சின் வேகத்திலேயே எழுத உதவும், 22 விசைகள் மட்டுமே உள்ள கருவி. சாதாரண கீபோர்டில் எழுத்தை எழுத்தாகத் தட்டுவோம். இதில் பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஓர் அசை, சில சமயம் முழுச் சொல்லே வந்துவிடும். அதுதான் வேகத்துக்குக் காரணம். அமெரிக்காவில், நீதிமன்றத்தில் பேசப்படுவதை எழுத்தில் பதிவு செய்பவர்களின் தேர்வில் நிமிடத்துக்கு 225 சொற்கள் வரை கேட்பார்கள்!

இடது விரல்கள் சொல்லின் முதல் மெய்யொலி, கட்டைவிரல்கள் உயிரொலி, வலது விரல்கள் கடைசி மெய்யொலி. தமிழ்ப்பள்ளியில் படித்த உயிர்மெய் மாதிரிதான், க்-உம் ஆ-வும் சேர்ந்து 'கா' என்று ஒரே எழுத்தாகிறதே, அதே கதை. இடது பக்கம் எல்லா எழுத்துக்கும் விசை கிடையாது. எச், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எல். ஆக 'லெட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எச், ஆர், இ, வலது பக்க டி, நான்கும் ஒரே அழுத்து. முதலில் விரல் திணறும், பரவாயில்லை.

வீட்டிலேயே கற்கத் தொடங்கலாம், விலை உயர்ந்த இயந்திரம் தேவையில்லை. கணினி கீபோர்டையே ஸ்டெனோடைப் போல இயங்கவைக்கும் ப்ளோவர் என்ற இலவச மென்பொருள் போதும், அப்புறம் பல விசைகளை ஒன்றாக உணரும் கீபோர்டு ஒன்று. லோ யாட் பிளாசாவில் கேமிங் கீபோர்டு கேட்டால் காட்டுவார்கள், ஆனால் இந்த வசதி இருக்கிறதா என்று விசாரித்தே வாங்குங்கள்.

பலர் நினைப்பதுபோல் இந்தக் கருவி தானாகப் பேச்சைக் கேட்டு எழுதுவதில்லை, கேட்பதும் அழுத்துவதும் மனிதர்தான், மென்பொருள் அகராதியைப் பார்த்து அதைச் சொல்லாக மாற்றுகிறது, அவ்வளவே.