“தேசிய விருதுக்குத் தேர்வாகிவிட்டீர்கள்” என்று போன் வந்தால் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகள் ஏழு வருடமாகச் சீரியலில் நடிக்கிறாள். இரண்டு படங்களிலும் ஒரு வெப் சீரிஸிலும் நல்ல வேடம் செய்திருக்கிறாள். டெல்லியிலிருந்து பேசுவதாக ஒருவர் போன் செய்தார். ‘சினிமா, டெலிவிஷன் இரண்டிலும் சிறந்த நடிகை’ என்று தாதாசாகேப் பால்கே பெயரிலான தேசிய விருதுக்கு அவள் தேர்வாகிவிட்டாளாம். பதிவுக் கட்டணம் 45,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்கிறார். இடையில் ஒரு கோ-ஆர்டினேட்டர் இருக்கிறார். முன்பணம் 5,000 அனுப்பிவிட்டோம். மீதியைக் கட்டலாமா? உண்மையான தேசிய விருதுக்கு நாங்களே விண்ணப்பிக்க முடியுமா? சீரியல் நடிப்பு கணக்கில் வருமா?
– ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. 45,000-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 8,100 சேர்த்தால் 53,100 ஆகிறது. அதற்கு மேல் டெல்லி போகவர டிக்கெட், ஓட்டல் எல்லாம் உங்கள் செலவு. அரசு தரும் தேசிய விருதில் பணம் கலைஞரிடம்தான் வந்து சேரும், கலைஞரிடமிருந்து போகாது. 2022-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதிலிருந்து, சிறந்த நடிகைக்கு வெள்ளித் தாமரைப் பதக்கமும் 2 லட்சம் ரூபாயும் தருகிறார்கள். “தேர்வாகிவிட்டீர்கள், பணம் கட்டுங்கள்” என்ற இரண்டு பேச்சும் ஒரே போனில் வந்தால் அது அரசு விருது இல்லை. இதற்கு மேல் விசாரிக்கவே தேவையில்லை.

அடுத்து, பெயர் விஷயம். அரசு தரும் தாதாசாகேப் பால்கே விருது 1969-இல் தொடங்கியது. முதலில் பெற்றவர் தேவிகா ராணி. நம் பக்கம் சிவாஜி கணேசன், கே.பாலசந்தர், ரஜினிகாந்த் வாங்கியிருக்கிறார்கள். 2020-க்கு ஆஷா பரேக், 2021-க்கு வஹீதா ரஹ்மான். இந்தப் பெயர்களைப் பார்த்தாலே புரியும், அது வாழ்நாள் பணிக்குத் தருவது. அதில் ‘சிறந்த நடிகை’ என்றோ ‘சிறந்த சீரியல் நடிகை’ என்றோ பிரிவே கிடையாது. அதற்கு யாரும் பணம் கட்டி விண்ணப்பிப்பதும் கிடையாது. ஆனால் அதே பெயரைத் தாங்கிய தனியார் விழாக்கள் பல நடக்கின்றன. அந்த மேடைகளில் பெரிய நட்சத்திரங்களும் ஏறுகிறார்கள், மறுநாள் செய்தியில் ‘பால்கே விருது பெற்றார்’ என்று மொட்டையாக வருகிறது. கோ-ஆர்டினேட்டர் உங்களுக்குக் காட்டுவது அந்தச் செய்தியைத்தான். யார் பெயரில் விருது என்று கேட்காதீர்கள், யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். பதிலில் ‘மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்’ இல்லையென்றால் அது தேசிய விருது அல்ல.

வாட்ஸ்அப்பில் ஒரு கடிதமும் வந்திருக்குமே, அதை எடுத்துப் பாருங்கள். மேலே சிங்க முத்திரை போல ஏதாவது இருக்கும், அல்லது மூவர்ணப் பட்டை ஓடும். கீழே பொடி எழுத்தில் உத்யம் பதிவு எண், நிதி ஆயோக் தர்பண் எண், ஐஎஸ்ஓ 9001 தரச் சான்று என்று வரிசையாக இருக்கும். பார்ப்பவருக்கு அரசே அங்கீகரித்த மாதிரித் தோன்றும். உத்யம் என்பது சிறுதொழில் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் உள்ளவர் வீட்டில் உட்கார்ந்தபடி இலவசமாகப் பதியலாம், இட்லி மாவுக் கடைக்கும் அதே மாதிரி எண் கிடைக்கும். தர்பண் என்பது தொண்டு நிறுவனங்கள் தங்கள் விவரத்தைப் பதிந்து வைக்கும் இடம். இந்த எண்கள் எல்லாமே உண்மையானவையாக இருக்கலாம். ஆனால் இவற்றில் ஒன்றுகூட, விருது கொடுக்க அரசு அனுமதித்ததற்கான ஆதாரம் ஆகாது. அரசுச் சின்னத்தைத் தனியார் பயன்படுத்துவதற்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை இருக்கிறது. கடிதத்தில் அது இருந்தால் பத்திரமாக வையுங்கள், புகாருக்கு உதவும்.

“இவ்வளவு பெரிய இடத்தில் விழா நடக்கிறதே, பொய்யாக இருக்குமா?” என்று பலர் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு விழா நடந்தது. பிரபலங்கள் பலருக்குக் ‘கௌரவ டாக்டர்’ பட்டம் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் பட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறகு பல்கலைக்கழகமே போலீசுக்குப் போனது. அரங்கத்தை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். வந்து உட்காரும் சிறப்பு விருந்தினருக்கே, எதற்காக அழைத்தார்கள் என்று முழுதாகத் தெரிந்திருக்காது.

இந்த வியாபாரத்தில் கோ-ஆர்டினேட்டருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. நட்சத்திரம் கையால் வாங்க ஒரு ரேட், முன்வரிசை நாற்காலிக்கு ஒன்று, போட்டோ ஆல்பத்துக்கு ஒன்று என்று விலை ஏறும். “இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்” என்பதுதான் இவர்கள் கடைசியாகப் போடும் தூண்டில். நடுவர் குழு முடிவு செய்த விருது, நீங்கள் ஜிபேயில் பணம் போடாததற்காக அடுத்தவருக்கு எப்படிப் போகும்? காஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு இந்தக் கேடயங்களின் விலை நன்றாகத் தெரியும். அதைப் பார்த்து யாரும் பேட்டாவை (தினப்படியை) ஏற்றித் தருவதில்லை.

இனி உண்மையான தேசிய விருதுக்கு வருகிறேன். உங்கள் மகளோ நீங்களோ விண்ணப்பிக்க முடியாது. படத்தைத் தயாரிப்பாளர்தான் அனுப்ப வேண்டும், அதற்கான செலவும் அவருடையது. படம் போட்டிக்குள் போனால்தான் அதில் நடித்தவர்கள் பரிசீலனைக்கு வருவார்கள். முதலில் மண்டலக் குழு பார்த்துச் சலித்து எடுக்கும், பிறகு மத்தியக் குழு பார்த்து முடிவு செய்யும். மகள் எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும், தயாரிப்பாளர் “நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது” என்று படத்தை அனுப்பாமல் விட்டால் கதை அங்கேயே முடிந்தது. சின்னப் படங்களில் பாதி வாய்ப்பு இப்படித்தான் வீணாகிறது. நடிகைக்கு நேரடி வழியே இல்லாத இந்த ஏற்பாட்டை ஏன் இத்தனை காலமாக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

சீரியலுக்குத் தேசியத் திரைப்பட விருதில் இடமே இல்லை. ஆயிரம் எபிசோடு ஓடியிருந்தாலும் கணக்கில் வராது. வெப் சீரிஸும் அப்படியே, அதற்குச் சென்சார் சான்றிதழ் கிடையாது. கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் 2023 முதல் வெப் சீரிஸுக்கு ஒரு விருது தருகிறார்கள். அது தொடருக்குத் தருவது, நடிகைக்கு அல்ல.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். “உங்கள் மகள் படம் தியேட்டருக்கே வரவில்லை, ஓடிடியில்தான் வந்தது, அதனால் தேசிய விருதுக்குத் தகுதி இல்லை, எங்கள் விருதுதான் கதி” என்று சொல்லிக் காசு பிடுங்குகிறார்கள். இது சரியில்லை. பார்க்க வேண்டியது படம் எங்கே வெளியானது என்பதை அல்ல, சென்சார் சான்றிதழ் இருக்கிறதா, அதில் என்ன தேதி என்பதை. ‘சூரரைப் போற்று’ 2020 நவம்பரில் நேராக ஓடிடியில் வந்த படம். அதற்காக அபர்ணா பாலமுரளி 2020-க்கான சிறந்த நடிகை விருதைப் பெற்றார். இன்னொன்று உங்கள் மகளுக்கு இன்னும் நெருக்கமானது. ‘சிவரஞ்சினியும் இன்னும் சில பெண்களும்’ ஓடிடிக்கு வந்ததே 2021 நவம்பரில்தான். ஆனால் அதில் நடித்த லட்சுமி ப்ரியா சந்திரமௌலிக்குக் கிடைத்தது 2020-க்கான சிறந்த துணை நடிகை விருது. அது மூன்று கதைகள் கொண்ட படம், அவர் வருவது அதில் ஒரு கதையில்தான். அவரும் விஜய் டிவி சீரியலில் நடித்தவரே. ஓடிடியில் வந்ததோ, சீரியல் முகம் என்பதோ, படம் முழுக்க வராததோ தடையாக இருக்கவில்லை. பக்கத்து மாநிலத்திலும் இதே கதைதான். ரேவதி 2021-க்கான கேரள அரசின் சிறந்த நடிகை விருதைப் பெற்ற ‘பூதகாலம்’ ஓடிடியில் வெளியான படம். சென்சாரே செய்யாமல் நேராக ஓடிடிக்குக் கொடுத்த படமென்றால்தான் கதவு அடைபடும். டப்பிங் செய்த பதிப்புக்கும் இடமில்லை, மூலமொழிப் பதிப்புதான் போக வேண்டும்.

மகளின் இரண்டு படங்களையும் போட்டு, தொடக்கத்தில் வரும் சான்றிதழில் படத்தை நிறுத்தித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எந்த ஆண்டில் அந்தத் தேதி விழுகிறதோ, அந்த ஆண்டின் போட்டியில்தான் படம் சேரும். டிசம்பர் 28-இல் சான்றிதழ் வாங்கிப் பிப்ரவரியில் வெளியிட்ட படத்தை, வெளியீட்டு ஆண்டில் அனுப்பலாம் என்று மேனேஜர் காத்திருப்பார். அதற்குள் கடைசித் தேதி போய்விடும். ஆகவே தேசிய விருதுக்குப் படங்களை அனுப்பச் சொல்லி அறிவிப்பு வந்த அன்றே தயாரிப்பாளர் அலுவலகத்துக்குப் போன் செய்து, “படத்தை அனுப்புகிறீர்களா? ஆங்கில சப்டைட்டில் தயாரா? கலைஞர் பட்டியலில் மகள் பெயர் என்ன எழுத்தில் இருக்கிறது?” என்று மூன்றையும் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நியூமராலஜி பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டியிருப்பார்கள். டைட்டில் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பட்டியலில் ஒரு பெயர் என்று கிடக்கும். பிறகு சான்றிதழில் திருத்தம் கேட்டு அலைய வேண்டிவரும்.

முதன்மை வேடமா, துணை வேடமா என்பதை முடிவு செய்வது நடுவர் குழு. ‘உள்ளொழுக்கு’ படத்துக்காக ஊர்வசிக்கு 2023-க்கான சிறந்த துணை நடிகை விருது அறிவித்தார்கள். எந்த அளவுகோலில் அதைத் துணை வேடம் என்றீர்கள் என்று அவர் வெளிப்படையாகவே கேட்டார். நியாயமான கேள்வி. அவ்வளவு பெரிய நடிகைக்கே விளக்கம் சொல்லாத அமைப்பு, புதியவர்களுக்குச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

சீரியல் நடிப்புக்கு அரசு அங்கீகாரம் வேண்டுமென்றால் வழி மாநிலத்தில்தான் இருக்கிறது. தமிழக அரசு திரைப்பட விருதுகளோடு சின்னத்திரை விருதுகளும் தருகிறது. ஆனால் அதன் வேகத்தைத் தெரிந்துகொண்டு காத்திருங்கள். 2009 முதல் 2014 வரையிலான திரைப்பட விருதுகளை 2017-இல் அறிவித்து, 2022 செப்டம்பரில்தான் கையில் கொடுத்தார்கள். ‘காக்கா முட்டை’க்காக ஐஸ்வர்யா ராஜேஷ் 2014-க்கான சிறந்த நடிகை, விருது கைக்கு வர எட்டு ஆண்டு. ‘36 வயதினிலே’ படத்துக்கான ஜோதிகாவின் 2015 விருது 2024 மார்ச்சில் வந்தது. ஒரு நடிகைக்கு நல்ல வேடம் கிடைக்கும் காலமே பத்துப் பன்னிரண்டு வருடம். அது முடிந்த பிறகு பதக்கத்தைக் கொடுத்தால் அவர் அதை எந்த இயக்குநரிடம் காட்டுவார்? இந்தத் தாமதம் விட்ட இடைவெளியில்தான் கேடய வியாபாரிகள் கடை போட்டிருக்கிறார்கள்.

கலைமாமணியில் சின்னத்திரைக் கலைஞர்களையும் சேர்க்கிறார்கள். அதைத் தருவது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், அலுவலகம் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில். அங்கே நேராகப் போய்க் கேளுங்கள். “மன்றத்தில் எனக்கு ஆள் இருக்கிறது” என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சன் குடும்பம், விஜய் டெலிவிஷன், ஜீ தமிழ் விருதுகள் அந்தந்த சேனல் தன் தொடர்களுக்குத் தருபவை. வாங்கினால் சந்தோஷம், ரசிகர் வட்டம் பெருகும், ஆனால் அவற்றை அரசு விருதோடு சேர்த்துப் பேசக் கூடாது. பத்ம விருதுக்கு யாரும் யாரையும் இணையத்தில் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானே கூடப் பரிந்துரைக்கலாம், கட்டணம் கிடையாது. அதற்கும் ‘பைல் தள்ளித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர்கள் உண்டு.

எந்த விண்ணப்பத்துக்கும் உதவ ஒரு பைல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு தொடருக்கும் ஒப்பந்த நகல், முதலும் கடைசியும் ஒளிபரப்பான தேதி, அவர் பெயர் வரும் டைட்டில் கார்டு ஸ்கிரீன்ஷாட், நன்றாக நடித்த ஐந்தாறு காட்சிகள் எபிசோடு எண்ணோடு. இதைத் தொடர் ஓடும்போதே சேர்த்துவிட வேண்டும். முடிந்த தொடரைச் சேனல் யூடியூபிலிருந்து எடுத்துவிட்டால் பிறகு தேடினாலும் கிடைக்காது.

அனுப்பிவிட்ட 5,000 ரூபாய்க்கு வருவோம். கோ-ஆர்டினேட்டருக்கு, “விருது வேண்டாம், முன்பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். போனில் பேசி முடித்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய யூபிஐ பரிவர்த்தனை எண், கடிதம், குரல் பதிவு எதையும் அழிக்க வேண்டாம். உடனே வங்கிக்கும், சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. மகளின் ஆதார், பான் நகலைக் கொடுத்திருந்தால் அதையும் புகாரில் சேருங்கள். ‘விழாவுக்கு வருவதாக ஒப்புதல்’ என்று ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். மகள் படத்தைப் போட்டு அவர்கள் போஸ்டர் அடித்திருந்தால், அனுமதி இல்லை, எடுத்துவிடுங்கள் என்று அதே வாட்ஸ்அப்பில் இன்றைக்கே எழுதுங்கள். அந்தப் போஸ்டரைக் காட்டித்தான் அடுத்த வீட்டுக்குப் போன் போடுவார்கள்.